சாமி முன்னால் இருந்த நான்கு முளைகள்

மகனே,

கடிதம் என்றால் உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும் என்று எனக்கும் தெரியும். உறையில் போட்டால் நீ அதை மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, “அம்மா எழுதுனா நாவலாச்சே, அப்புறமா படிக்கலாம்” என்பாய். அங்கே ஏற்கெனவே என் பழைய கடிதங்கள் மூச்சுமுட்டிக் கிடக்கின்றன. அதனால் இதை ஞாயிற்றுப் பதிப்புக்கு அனுப்புகிறேன். உன் மனைவி வாசிப்பாள், உன் மாமனார் வாசிப்பார், டயர்க்கடைக் கணக்கப்பிள்ளை வாசிப்பார், யாராவது ஒரு புண்ணியவான் உன் வக்கீலுக்கும் வாசித்துக் காட்டுவார். உனக்குத் தப்பிக்க வழியில்லை. சின்ன வயதில் நான் பிறருக்கு வைத்த பொறிகளில் ஒன்றுகூட இவ்வளவு நன்றாக அமைந்ததில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஈப்போ, சிலிபின் பட்டறையில் உன் புது டிரேலருக்குப் பூஜை. ஆறு கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்து போகும் வண்டி. நீயே வரைந்து, நீயே நின்று ஒட்டவைத்தது. போன வாரம் அதைப் பார்க்க வந்தேன். மேலடுக்கு ஏறி நின்றதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. உன் அப்பா என்னைப் பார்த்து வியந்தார். வண்டியைப் பார்த்து அல்ல, நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து. என் வயிற்றில் சுருண்டு கிடந்த பையன் இவ்வளவு பெரிய இரும்பை நிமிர்த்தியிருக்கிறானே!

அதன் பிறகு நீ என்னையும் பெரியம்மாவையும் சமையலறையில் உட்கார வைத்து, வக்கீல் எழுதிக் கொடுத்த வாடகை ஒப்பந்தத்தைத் தமிழில் சொன்னாய். ஒரு வரியை மட்டும் பெருமையோடு திரும்பச் சொன்னாய். வண்டி பட்டறை வாசலைத் தாண்டிய பிறகு எது நடந்தாலும், எந்தக் காரணத்தால் நடந்தாலும், உரிமையாளருக்குப் பொறுப்பில்லை. பெரியம்மா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். “நல்லா எழுதியிருக்காரு,” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, “வெள்ளிக்கெழம நான் வரலய்யா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் தன்னைக் கேட்கவில்லை என்ற கோபம் என்று நீ நினைத்தாய். வெற்றிலை பழத்தோடு போய் அழைத்தாய். அப்போதும் “வரல” என்றாள். இப்போது என்னை விளக்கேற்றச் சொல்கிறாய். அக்கா ஏற்ற வேண்டிய விளக்கைத் தங்கச்சி ஏற்றினால் திரியும் எரியும், என் வயிறும் எரியும். அவள் ஏன் வரமாட்டேன் என்றாள் என்பதை அவளாகச் சொல்லமாட்டாள். பேச்சில் அவள் சிக்கனம், நான் தாராளம். அவளுக்கும் சேர்த்து நான் பேசியே பழகிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த பெரியம்மா, எண்ணெய்க் கறை படிந்த கைலியும் நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடியுமாகப் பட்டறையில் நிற்பவள். எனக்குத் தெரிந்தவள் அதற்கு முந்தியவள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்தோம். விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டுதான் பெரட்டு மணி. ஒரு விடுமுறை நாள் காலையில், தோட்டமே அசந்து தூங்கும்போது, நான் போய் அந்த மணியை அடித்துவிட்டேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் பால்வாளியும் கத்தியுமாக அரைக்கண்ணில் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். ஒருவர் வேட்டிக்குப் பதிலாக மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சைக்கிளில் வந்து இறங்கி, “எவ அடிச்சது?” என்று கத்தினார். எவன் என்றுகூடக் கேட்கவில்லை பார், என் புகழ் அப்படி. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் போய் நின்று, “நான்” என்றாள்.

அதற்காகப் பெரட்டுக் களம் முழுவதையும் அவள் கூட்டிப் பெருக்கினாள். அழுதுகொண்டே போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, “இன்னும் கொஞ்சம் சத்தமா அடிச்சிருக்கலாம்டி, தொரை பங்களா வரைக்கும் கேக்கல” என்றாள். எனக்காக அவள் சொன்ன அந்த ‘நான்’ பொய். பிறகு ஒருநாள் இன்னொரு ‘நான்’ சொன்னாள், அது மெய். அந்த மெய்க்கு என்ன விலை ஆயிற்று என்பது உனக்குத் தெரியாது. ஆனால் அதன் மேல்தான் நீ தினமும் நடமாடுகிறாய்.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது நாங்கள் சிலிபினுக்கு வந்தோம். பெரியப்பா இரும்புவேலைக்காரர். மரம் ஏற்றும் டிரேலர், டிராக்டர் ஏற்றும் டிரேலர் என்று கட்டிக்கொண்டிருந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் கார் ஏற்றும் டிரேலர் ஒன்றைக் கட்டினார். கட்டி முடித்த கொஞ்ச காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். பட்டறையை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. அக்கா அவர் கண்ணாடியை எடுத்துத் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த வண்டி முதன்முதலாகக் கார்களைச் சுமந்துகொண்டு சிலிபின் சாலையில் போன நாளை நான் மறக்கமாட்டேன். அதுவரை நாங்கள் பார்த்த வண்டிகள் ஆளைச் சுமந்தன, மரத்தைச் சுமந்தன, ஆட்டைச் சுமந்தன. வண்டிகளைச் சுமக்கும் வண்டியை யார் பார்த்தது? நீ என் இடுப்பில் இருந்தாய். பக்கத்து வீட்டுக் கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். தேர் வரும்போது எழுவது போல உட்கார்ந்திருந்த சனம் எழுந்து நின்றது. வண்டி அக்காவுடையது. அதை வாடகைக்கு எடுத்திருந்தவர் ஈப்போ டவுனில் கார்களை ஊர் ஊராக ஏற்றியனுப்பும் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். ஓட்டியவர் அந்தத் தவுக்கேயிடம் சம்பளத்துக்கு இருந்த உன் அப்பா. இந்த மூன்று பேரையும் மனதில் வைத்துக்கொள். சட்டம் பிறகு இந்த மூன்று பேரையும்தான் தேடி வந்தது.

உன் வண்டியில் எண்ணெய் அழுத்தத்தில் எல்லாம் தானாக ஏறி இறங்குகிறது. அந்தப் பழைய வண்டியில் மேலடுக்கைக் கைவிஞ்சு என்ற சுழல்பொறியால் சுற்றி ஏற்றி, நான்கு தூண்களிலும் உள்ள துளைகளில் நான்கு இரும்பு முளைகளைச் செருக வேண்டும். என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். மேலே நிற்கும் கார்களின் எடை முழுவதும் அந்த நான்கு முளைகள் மேல்தான். இவ்வளவு பெரிய சங்கதி இவ்வளவு சின்னச் சங்கதியில் நிற்கிறதே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உன் அப்பா இன்றைக்கும் வண்டி எடுக்குமுன் சுற்றிவந்து ஒவ்வொரு முளையையும் தொட்டுப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்கிறார் இல்லையா? சின்ன வயதில் நீ பின்னாலேயே போய் அவரைப்போல் செய்து காட்டிச் சிரிப்பாய். அந்தப் பழக்கம் பிறந்த கதைதான் இது.

அன்றைக்கு ஆயுத பூஜை. காலையிலேயே வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. கருவிகளை மட்டும் சாமி மேடை முன்னால் பரப்பியிருந்தோம். சுத்தியல், திருப்புளி, வெல்டிங் கைப்பிடி, அவற்றோடு சேர்ந்து அந்த நான்கு முளைகளும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. உனக்கு அது தெரியும். பள்ளிக்கூடப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து வைப்பவன் நீதான், பரீட்சைக்கு முந்தின நாளாக இருந்தாலும். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“அக்கா, தவுக்கே ஓயாம போன் பண்றாரு. ஏத்துற காடி அஞ்சும் இன்னைக்கே தைப்பிங் போவணுமாம். நாளைக்கு அங்க கடை தெறப்பு லா.”

“இன்னைக்கு நாள் என்னான்னு அவருக்குத் தெரியாதா?”

“அவரு சீனரு, அவருக்குத் தெரியாது. நான் வேதக்காரன், எனக்குத் தெரிஞ்சும் பிரயோசனம் இல்ல. மொளை எங்கக்கா?”

அக்கா மோவாயால் சாமி மேடையைக் காட்டினாள்.

“நான் எடுத்துக்குறேங்க்கா. மாதாகிட்ட சொல்லிட்டு, சரஸ்வதிகிட்ட ஒரு மன்னிப்பும் கேட்டுட்டு எடுத்துக்குறேன். வேதக்காரன் எடுத்தா ஒங்க கணக்குல வராது.”

“சரஸ்வதி படிச்சவ, மன்னிச்சிருவா,” என்று நான் அடுப்படியிலிருந்து சொன்னேன்.

“சும்மா இருங்க ரெண்டு பேரும். எடுக்குற கை ஒன்னோடதா இருந்தாலும் வெச்ச கை என்னோடது. வெச்சத எடுக்கக் கூடாது.” அக்கா பின்கட்டுக்குப் போய்ப் பழைய பால் மாவு டின்னைக் கவிழ்த்து நான்கு போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். “இன்னைக்கு ஒரு நாளு இதப் போட்டுக்க தம்பி. மெதுவா போ.”

உன் அப்பா அவற்றை உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்தார். “கொஞ்சம் மெலிசா இருக்கே.”

“மெலிசுதான். அதான் மெதுவா போங்குறேன்.”

அவர் போய்விட்டார். நாங்கள் சுண்டலைத் தின்றோம். வண்டியில் முளை இல்லை, எங்களுக்கு மூளை இல்லை.

கோலா கங்சாரைத் தாண்டித் தைப்பிங் போகும் வழியில் புக்கிட் பெராப்பிட் மேடு இருக்கிறதே, வளைந்து வளைந்து ஏறும், அங்கே மழை பிடித்துக்கொண்டது. ஏற்றத்தில் வண்டி முக்கியபோது பின்பக்கத்துப் போல்ட் ஒன்று அறுந்தது. மேலடுக்கின் வால் சாய்ந்தது, கடைசிக் காரின் சங்கிலி தெறித்தது, புத்தம்புதுக் கார் ஒன்று ஓட்டுபவர் இல்லாமல் பின்னோக்கி இறங்கிப் போயிற்று. வளைவில் பாக் மாட் என்ற மலாய்க்காரர் பெத்தாய் என்ற காட்டு அவரைக் கொத்துகளைக் கட்டித் தொங்கவிட்டு விற்கும் கடை. கார் கடைக்குள் புகுந்தது. அவர் உயிர் தப்பினார். வலது கால் தப்பவில்லை. இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அது அவர் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை.

போலீஸ் நிலையத்தில் நடந்ததைப் பின்னால் பாக் மாட்டே கேள்விப்பட்டுச் சொல்லிச் சிரிப்பார். தவுக்கே வந்து, வண்டி என்னுடையது இல்லை, வாடகை வண்டி, புக்கான் சாயா என்றாராம். கார் கம்பெனி ஆள் வந்து, ஏற்றியது நாங்கள் இல்லை, புக்கான் சாயா என்றாராம். காப்புறுதிக்காரர் வந்து அதையே டை கட்டிக்கொண்டு சொன்னாராம். நான் இல்லை, நான் இல்லை, நான் இல்லை. உன் அப்பா ஒருவர்தான், “போல்ட்ட போட்டது நான்” என்றார். அந்தப் போல்ட் எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், “ஒங்கக்கா பேர இழுத்துறாத. புருசன் இல்லாதது, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு” என்றார். வழக்கு அவர் மேல் வந்தது. சிறைக்குப் போகலாம், லைசென்ஸ் போகலாம், இரண்டுமே போகலாம். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அக்கா. ஊரையே வாயால் மேய்த்தவளுக்கு அந்த மாதங்களில் வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நீ மட்டும், “அப்பா ஏன் வண்டி எடுக்கல?” என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அக்காவை அரசாங்கத் தரப்பு சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். ஈப்போவில் அவள் வைத்த வக்கீல் நல்ல மனிதர்தான். அவர் சொல்லிக் கொடுத்தது இது: வண்டியை உங்கள் வீட்டுக்காரர் சரியாகத்தான் கட்டினார். சரியான முளைகள் பட்டறையிலேயே இருந்தன. ஓட்டுநர் அவற்றை மாட்டவில்லை. “இந்த மூனையும் சொல்லிட்டு எறங்கிடுங்க. இதுல ஒன்னாச்சும் பொய்யா, சொல்லுங்க பாப்போம்?” என்று அவர் கேட்டார். பொய் இல்லைதான். மூன்றும் தனித்தனியாக மெய். சேர்த்துச் சொன்னால் முழுப் பொய். தமிழில் ஒரு வசதி பார், வண்டியைத் தாங்குவதற்கும் சட்டம் என்று பேர், நாட்டைத் தாங்குவதற்கும் சட்டம் என்று பேர். இரண்டிலும் ஓட்டை போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அக்கா எழுந்து வந்தாள்.

தைப்பிங்குக்கு பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனோம். அவள் மடியில் ஒரு கோணிப்பை, பாரமாக. “என்னாக்கா அது, பலாப்பழமா?” என்றேன். “சும்மா ஒக்காரு” என்றாள். அந்த மேடு வந்தது. உடைந்த கடையின் கூரைத்தகரம் இன்னும் புல்லில் கிடந்தது. அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. வளைவு மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

தைப்பிங்கில் மழை. கோர்ட்டில் கூண்டில் உன் அப்பா, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கைத்தடியோடு பாக் மாட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி ஒரு மலாய் இளைஞர். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். அவர் பேசியதும் தமிழ்தான், அக்கா பேசியதும் தமிழ்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவே இன்னொரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது.

“அம்மையீர், தங்கள் தொழிற்கூடத்தினின்று அவ்வூர்தி புறப்பட்ட வேளையில் அது செம்மையான நிலையில் இருந்ததா என வினவுகின்றனர்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்னாவாம்டி?”

“வண்டி பொறப்படும்போது ஒழுங்கா இருந்துச்சான்னு கேக்குறாங்கக்கா,” என்று நான் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தேன். “டியாம்!” என்று போலீஸ்காரர் என்னை அடக்கினார்.

“இல்ல,” என்றாள் அக்கா.

வக்கீல் சொல்லிக் கொடுத்த மூன்று மெய்யும் அங்கேயே உதிர்ந்து போயின. அக்கா குனிந்து கோணிப்பையை அவிழ்த்து, நான்கு முளைகளையும் ஒவ்வொன்றாக மேசை மேல் வைத்தாள். ஒவ்வொன்றும் விழுந்த சத்தத்துக்கு அறையே அதிர்ந்தது. காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. “இதுதான் வண்டியோட மொளை. அன்னைக்கு இது சாமி முன்னால இருந்துச்சு. அந்தப் புள்ள எடுத்துக்குறேன்னு கேட்டுச்சு. நான் எடுக்கக் கூடாதுன்னுட்டேன். போல்ட்ட டின்னுலேருந்து பொறுக்கிக் குடுத்தது நான். மெலிசா இருக்குன்னு சொல்லுச்சு. மெதுவா போன்னு அனுப்புனேன்.”

மொழிபெயர்ப்பாளர் அதை நீதிபதிக்கு மாற்றிச் சொன்னார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். பெரியவர் இந்த முறை தன் செந்தமிழை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அம்மா, யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். நாளைக்கு நட்டஈட்டு வழக்கு வந்தால் இந்தச் சொல் உங்கள் தலையிலேயே விடியலாம்.”

“கேட்டாச்சு இல்ல? சொல்லிட்டுப் போறேன்.”

நீதிபதியின் அடுத்த கேள்வியையும் பெரியவரே சொன்னார்: “தெய்வத்தின் முன் வைத்ததை எடுக்கக் கூடாது என்பது உங்கள் வழக்கம். அது புரிகிறது. வண்டியை அன்றைக்கு நிறுத்தி வைத்திருக்கலாமே? முளை இல்லாத வண்டி சாலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தது யார்? தெய்வமா, தவுக்கேயா, ஓட்டுநரா?”

“நான்.”

மகனே, தண்டவாளத் துண்டின் மேல் என் கையால் அடித்த அந்தப் பெரட்டு மணி அப்போது எனக்குள் அடித்தது. அதே முகம், அதே குரல். ஆனால் கிராணியிடம் சொன்ன ‘நான்’ ஒரு களத்தைப் பெருக்குவதோடு முடியும் என்று அவளுக்குத் தெரியும். இதன் முடிவு எங்கே என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலேயே சொன்னாள். பட்டறையின் பொறுப்பு வாசலோடு முடிந்துபோகும் என்று அந்த அறையில் படித்தவர்கள் எத்தனையோ விதமாக வாதாடிவிட்டார்கள். அவள் அந்த வாசலைப் புக்கிட் பெராப்பிட் வளைவு வரைக்கும் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு போய் நட்டாள். நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பயமா, பெருமையா, கும்பிடத் தோன்றியதா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதோடு நின்றதா? கூண்டில் உன் அப்பா கையைத் தூக்கினார். “துவான், மெலிசுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏத்துனேன். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல.”

அக்கா திரும்பினாள். “நீ சும்மா இரு தம்பி. இது என் மொறை.”

“ஒங்க மொறை முடிஞ்சிருச்சுக்கா.”

“எங்க முடிஞ்சிச்சு? மனுசன் இன்னும் எழுதிக்கிட்டுத்தான இருக்காரு!”

நீதிபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த அறைக்கு எல்லாரும் ஒரு தப்பிலிருந்து வெளியே போக வழி தேடித்தான் வருவார்கள், அதற்குள்ளே இடம் பிடிக்கச் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்ததில்லை என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது யாழ்ப்பாணத்துப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோர்ட்டு வாசலில் பாக் மாட் தடியை ஊன்றிக்கொண்டு அக்காவிடம் வந்தார். “செமுவா புக்கான் சாயா, புக்கான் சாயா,” என்றார். “காக்காக் சொராங் சாஜா சக்காப் சாயா.” எல்லாரும் நான் இல்லை என்றார்கள், அக்கா ஒருத்திதான் நான் என்றாள். அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவருடைய கால் அவருடையது. அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

உன் அப்பாவுக்குச் சிறை இல்லை. அபராதம் கட்டினார், லைசென்ஸைக் கொஞ்ச காலம் பிடுங்கி வைத்தார்கள். அந்தக் காலத்தில்தான் பட்டறையில் உட்கார்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டார், உனக்குக் கற்றுக் கொடுத்தது அந்தக் கைதான். நட்டஈட்டு வழக்கு தனியாக வந்தது. அதில் சட்டம் யாரையும் விடவில்லை. அவசரப்படுத்தி அனுப்பிய தவுக்கேக்கு ஒரு பங்கு, தெரிந்தே ஓட்டியதற்கு ஒரு பங்கு, முளை இல்லாத வண்டியைக் கொடுத்ததற்கு ஒரு பங்கு. அறுந்தது ஒரு சின்னப் போல்ட். அதைப் பிடித்துக்கொண்டு போய், தொட்ட கை ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களே, அந்த நுணுக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பெரட்டில்கூட இவ்வளவு சுத்தமாகப் பேர் கூப்பிட்டதில்லை.

பட்டறைக்கு நடுவே ஏன் இப்படிக் குறுக்கே ஒரு சுவர் என்று நீ எத்தனை தடவை கேட்டிருக்கிறாய்? வண்டியைத் திருப்ப முடியவில்லை என்று அதை உதைத்திருக்கிறாய். அந்தச் சுவர்தான் தீர்ப்பு. அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் டயர்க்கடை ஒரு காலத்தில் நம் பட்டறை. பெரியம்மா தன் பங்கைக் கட்ட விற்ற பாதி. மிச்சப் பாதியில்தான் நீ இந்த வண்டியைக் கட்டி நிமிர்த்தியிருக்கிறாய். அதற்கு மேலும் அவள் ஒன்று செய்தாள், எந்தக் கோர்ட்டும் சொல்லாதது. டிரேலர்ச் சட்டத்துக்கு வைத்திருந்த இரும்பை எடுத்துக்கொண்டு போய், அந்த மேட்டில் பாக் மாட்டுக்குக் கடையை இரும்பிலேயே கட்டிக் கொடுத்தாள். வளைவிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி. இன்றைக்கும் நிற்கிறது. நீயே அங்கே பெத்தாய் வாங்கியிருக்கிறாய், விலை பேசி அவரை அழ வைத்திருக்கிறாய்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தபோது எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். முளைகளை எடுத்துச் சாமி முன்னால் வைப்பாளா, மாட்டாளா? அவள் விளக்கைக் கையில் எடுத்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். முற்றத்தில் நின்ற வண்டியருகே போனாள். முளைகள் அததற்கான துளையில் அப்படியே இருந்தன. இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். முளை சாமியிடம் வர வேண்டாம், சாமி முளையிடம் போகட்டும் என்று அன்றைக்கு முடிவாயிற்று. உன் அப்பா பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்து, “ரெண்டு பூட்டு, நல்லதுதான்” என்றாள்.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எடுப்பவன் அளவுக்கு மேல் ஏற்றுவான், ஓட்டுபவன் தூங்குவான், சங்கிலியை ஒழுங்காகக் கட்டமாட்டான், அதற்கெல்லாம் நீ எப்படிப் பொறுப்பாவாய்? ஆகமாட்டாய். அதை எழுது. எத்தனை கார் ஏற்றலாம் என்று எழுது. கிளம்புமுன் யார் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுது. அவனவன் பங்கு அவனவனுக்கு. ஆனால் ‘எந்தக் காரணத்தால் நடந்தாலும்’ என்று ஒன்று போட்டிருக்கிறாயே, அதற்குள் உன் கையும் ஒளிந்துகொள்கிறது. நீ ஒட்டவைத்த ஒட்டு விட்டுப் போனாலும் நீ இல்லை, நீ கொடுத்த முளை மெலிந்திருந்தாலும் நீ இல்லை. உன் வக்கீல் நீளமாக, அழகாக எழுதியிருப்பதற்கு மலாயில் இரண்டே சொல்: புக்கான் சாயா. அந்த வரி கோர்ட்டில் நிற்குமா, விழுமா என்று எனக்குத் தெரியாது. நின்றாலும் அது நம் பட்டறையில் நிற்க இடமில்லை. இருந்த இடத்தில் பாதியை அதற்கு எதிரான ஒரு சொல்லுக்காக உன் பெரியம்மா கொடுத்துவிட்டாள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவளிடமே அந்த வரியைப் படித்துக் காட்டினால், அவள் செருப்பு மாட்டாமல் என்ன செய்வாள்?

அதனால் வெற்றிலை பழமெல்லாம் வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஒப்பந்தத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போ. அவள் கண் முன்னால் அந்த வரியை அடி. ஒன்றும் பேசாதே. அவளும் பேசமாட்டாள். மறுநாள் காலையில் சந்தனக் கிண்ணத்தோடு உனக்கு முன்னால் பட்டறையில் நிற்பாள், பார்த்துக்கொள். பாக் மாட்டுக்கு நான் சொல்லி அனுப்பிவிட்டேன், அவரும் தடியோடு வருவார். எலுமிச்சம்பழம் என் செலவு.

உன் வண்டியில் முளைகள் இல்லை, பொத்தானை அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று நீ சொன்னாய். இருக்கட்டும். பூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே பெரியம்மா சந்தனம் வைப்பாள், அப்பா தொட்டுச் சிலுவை போடுவார். எல்லாம் முடிந்து, வண்டி வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது, அவள் உன்னிடம் ஒன்று கேட்பாள். அந்த ஆயுத பூஜையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் நம் பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் அந்தக் கேள்வி இல்லாமல் வெளியே போனதில்லை. இதுவரை அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொள்வாள், வாய்க்குள். வெள்ளிக்கிழமை உன்னைக் கேட்பாள்.

“யாருய்யா அனுப்புறது?”

கொஞ்சம் சத்தமாகவே சொல். சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும்.

உன் அம்மா